ஏழு பாட்டன்மாரும் ஒரு டாக்டரும்

வணக்கம் கண்ணுகளா, எல்லாரும் சௌக்கியம்தானே? மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் தேவலையா? சரி, கிர்கிஸ்தானில் நாரின் பக்கத்துக் கதை ஒன்று, கேளுங்கள்.

மறுநாள் விடிந்தால் ஜொல்தோஷ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குக் கிளம்ப வேண்டும். இறங்கி வர நான்கு மாதமாகும். ஒரு வாரமாகப் பின்மண்டையில் விண்விண்ணென்று வலி. அவர் மனைவி பெர்மெட் விடவில்லை.

"குடும்ப டாக்டர்கிட்ட பேரைப் பதிஞ்சுட்டுப் போங்களேன்."

"எழுந்து நடமாடுறவன் பேரை டாக்டர் நோட்டுல எழுதுறது, நோய்க்கு விலாசம் குடுக்கிற மாதிரிடி! அதுவும் அந்த டாக்டரு நேத்து வந்த பொண்ணு. யாரு எவருன்னே தெரியாது."

சொல்லி வாய் மூடவில்லை, டாக்டர் மேரிம் பதிவுத் தாளோடு வாசலில் நின்றாள். பெர்மெட்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீடு தேடி வந்தவளை விரட்ட முடியுமா? ஜொல்தோஷ் ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பாலை நீட்டினார். கூடவே, அந்த ஊர் வழக்கப்படி ஒரு கொக்கியும் போட்டார்.

"உன் ஏழு தலைமுறைப் பாட்டன் பேரைச் சொல்லு தங்கச்சி. அது தெரியாதவகிட்ட கையை நீட்ட மாட்டேன்."

மேரிம் ஒரே மூச்சில் ஏழையும் சொன்னாள். "இப்ப உங்க முறை அண்ணே."

அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

"உங்க அப்பா எதனால போனாரு?"

"புல் அறுக்கும்போது தலை வலிக்குதுன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

"தாத்தா?"

"அவரும்... குதிரை மேலயே." குரல் இறங்கிவிட்டது. "தலைவலின்னுதான் சொல்லுவாங்க."

"மத்தவங்க?"

"தெரியலம்மா."

"ஏழு பேரு ஞாபகம் இருக்கு. அவங்களைக் கொண்டுபோனது எதுன்னு ஒருத்தரும் எழுதி வைக்கலையே அண்ணே! அதை எழுதி வைக்கத்தான் நான் வந்திருக்கேன்."

ஜொல்தோஷ் சட்டைக் கையைச் சுருட்டினார். ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. மாத்திரையும் கொடுத்து, மூன்று நாள் கிளம்பக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள் மேரிம்.

"ஆடுங்களை யாரு ஓட்டுறது?"

"உங்க தம்பிக்குக் கால் இல்லையா?" என்றாள் பெர்மெட்.

சிரித்துவிட்டார் மனிதர். "எழுதும்மா. என் பேரு, இவ பேரு, தம்பி வீட்டுல எல்லாரு பேரும். குதிரையையும் சேத்துக்கலாமா?"

"அதுக்கு நீங்கதான் டாக்டர் அண்ணே!"

நான்காம் நாள் தலை லேசாகி, நான்கு மாத மாத்திரையோடு குதிரையேறிக் கிளம்பியவர் வழியனுப்ப வந்த கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "விழுந்தப்புறம் டாக்டரைத் தேடாதீங்கடா! நல்லா இருக்கும்போதே ஒருத்தரைப் பழகி வைங்க. நம்ம வீட்டுக் கதை தெரிஞ்ச டாக்டருதான் நம்ம உயிருக்குக் காவல்!"

அன்று மாலைக்குள் மேரிமின் தாள்கள் தீர்ந்துபோயின.

உங்கள் வீட்டில் எப்படி? குடும்ப டாக்டரிடம் பெயர் பதிய உங்களைத் தடுத்தது எது, மனத்தை மாற்றியது யார்? இரண்டு வரி எழுதிப் போடுங்கள் கண்ணுகளா.