கோழிகளுக்குத் தெரிந்த நைட்டி

நீலப்பூ போட்ட நைட்டி தோளில் இறுக்குகிறது, முழங்காலுக்குக் கீழே காற்று புகுந்து கூசுகிறது, முறத்துக் குருணையை அளைந்தபடி பா பா பா என்று கூப்பிடுகிறார் சுப்புக்கனி, நேற்று வேட்டியோடு கூப்பிட்டபோது ஆறு கோழியும் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டிவிட்டன, தாண்டாமல் என்ன செய்யும், மனைவி செண்பகம் கோழி வளர்க்கிற இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் அவற்றை விரட்டியது மட்டும்தானே உண்டு, மெத்தையில் கோழிப்பேன் என்று கத்தியதும், படியில் கிடந்த எச்சத்தில் வழுக்கி விழுந்ததும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், செண்பகம் எந்த ஊரிலும் ஒரு ராத்திரி தங்கியதில்லை, அவருடைய தம்பி கல்யாணத்தில் பந்தி முடியுமுன் எழுந்து, ஏங்க, கோழி அடையிற நேரமாச்சு, கீரி தூக்கிட்டுப் போயிரும் என்று நின்றவள், எனக்கு வாக்கப்பட்டியா கோழிக்கு வாக்கப்பட்டியா என்று கேட்டுவிட்டு வழியெல்லாம் பேசாமல் வந்தார், அதை நினைத்தால் இப்போது உறுத்துகிறது.

பித்தப்பைக் கல்லோடு அவள் இரண்டு வருஷம் வலியைக் கடித்துக்கொண்டு கிடந்ததும் இந்தக் கூண்டைச் சாத்த ஆளில்லாமல்தான், மகள்தான் அழுது இழுத்துப் போய்த் திருநெல்வேலியில் சேர்த்தாள், ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு மூன்றாம் நாள், நாளைக்கும் கோழி அடையலைன்னா ஆட்டோ பிடிச்சு வந்திருவேன், தையலாவது ஒண்ணாவது என்று செண்பகம் நேற்று போனில் சொன்னாள், சொன்னால் செய்கிறவள், அதனால்தான் கொடியில் கிடந்த நைட்டியை எடுத்து மாட்டினார், கறுப்புக்கோழி மதிலிலிருந்து இறங்கித் தலையைச் சாய்க்கிறது, மீசையைப் பார்க்கவில்லை, நைட்டியைத்தான் பார்க்கிறது, ஒவ்வோர் அடியாக வருகிறது, பின்னாலேயே மற்றவையும், குனிந்து கூண்டுக் கதவைச் சாத்தும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது, தினமும் இப்படியா குனிந்தாள், அந்நேரம் அவர் டீக்கடையில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

ஆறும் அடைஞ்சிருச்சு என்று போனில் சொல்கிறார், எப்படி என்கிறாள், கூப்பிட்டேன் வந்துச்சு என்கிறார், மெதுவாக, நான் இல்லாமலே வந்துருச்சா என்று கேட்கிறாள், அந்தக் குரல் அவருக்குப் பொறுக்கவில்லை, மானம் போனால் போகட்டும், நீ இல்லாம எங்க வருது, ஒன் நைட்டியத்தான் போட்டுக்கிட்டு நிக்கேன் என்கிறார், அவள் சிரிக்கத் தொடங்குகிறாள், சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது என்கிறாள், சொல்லிவிட்டு மறுபடியும் சிரிக்கிறாள், மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிகிறது, தெரியட்டும், சுப்புக்கனி நைட்டியோடு படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.