சரவணமுத்து கழற்றிய டிஸ்க்

ஃபேர்லேண்ட்ஸில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் சரவணமுத்துவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பரம்பரை லாரிக் குடும்பம்; டயரில் சந்தேகம் வந்தால் கழற்றி வேறொன்றை மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. கம்ப்யூட்டரையும் அவர் லாரியாகவே நினைத்தார் என்பது தெருவுக்கே தெரியும், அவரைத் தவிர.

எடுத்த வீடியோக்களெல்லாம் நாலு டிஸ்க் போட்ட ஒரு பெட்டியில் இருந்தன. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் சமாளிக்கும். அந்தத் தைரியத்தில் வேறு பிரதி எடுக்கவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டி சத்யபிரியாவின் கல்யாணமும் அதில்தான் கிடந்தது, எடிட் செய்யாமல். பெண்ணின் அப்பா ராசப்பன் கல்யாணம் முடிந்த சூட்டோடு மாரடைப்பில் போய்விட்டார். அவர் பேசியது வேறெங்கும் பதிவில்லை.

ஆயுத பூஜையன்று பொரித் தட்டு வைக்க இடம் போதவில்லையென்று பெட்டியைச் சுவரோடு தள்ளினார் சரவணமுத்து. பின்னால் கேபிள் மடங்கியது. சந்தனம், குங்குமம் மட்டும் குறைவில்லாமல் வைத்தார்.

மறுநாள் காலையிலிருந்து பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. ஒரு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு. பெட்டியை அமைத்துக்கொடுத்த ஜூடுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, பதறாதீங்க. டிஸ்க்குகளை மேய்க்கற கன்ட்ரோலருக்கும் டிஸ்க்குக்கும் பேச்சு அறுந்து அறுந்து போகுது. பதில் வரலைன்னா கன்ட்ரோலர் மறுபடி கேக்கும். அப்பவும் வரலைன்னா லைனை ரீசெட் பண்ணிட்டுக் கேக்கும், வேகத்தைக் குறைச்சுக்கிட்டுக் கேக்கும். ஒண்ணும் நடக்கலைன்னாத்தான் டிஸ்க்கை ஒதுக்கும். எனக்கென்னமோ கேபிள்மேலதான் சந்தேகம். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

"எங்கூட்டுக்காரிகூட இத்தனைவாட்டி கேக்கமாட்டாளே!" என்று சிரித்தார் சரவணமுத்து.

ஜூட் ஆத்தூரில் ஒரு அரிசி ஆலை வேலையில் இருந்தான். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் இவரால் தாங்க முடிந்தது. சிவப்பு விளக்கு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டினார். மற்ற மூன்றிலிருந்தும் படித்துப் புதுசை நிரப்பத் தொடங்கியது பெட்டி, அதே மடங்கிய கேபிள் வழியாக. பாரம் கூடியதும் இன்னொரு டிஸ்க்கின் பேச்சும் அறுந்தது. இரண்டு போனபின் பெட்டி கையை விரித்தது. புதிதாக அமைக்கட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்று அமுக்கினார். கீச்சு நின்றது, நிம்மதியாக இரண்டாவது டீ குடித்தார்.

சாயங்காலம் வந்த ஜூட், கேபிளை மாற்றி டிஸ்க்குகளைச் சோதித்தான். "எல்லாமே நல்லா இருக்குண்ணே. புதுசா அமைக்காம விட்டிருந்தா பழையபடி சேர்த்திருக்கலாம். இப்ப எல்லாம் அழிஞ்சு போச்சு."

டிஸ்க் செத்துப்போச்சு என்றுதான் தெருவில் சொல்லிவைத்தார் சரவணமுத்து. சத்யபிரியா வந்து எதிரே உட்கார்ந்ததும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"டிஸ்க் கெட்டுப்போச்சுங்களாண்ணா?"

"இல்லீங்க அம்மிணி. அது நல்லாத்தானுங்க இருந்துச்சு. நாந்தான் அவசரப்பட்டுக் கழட்டிப்போட்டனுங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "அப்பா பேசறது எங்கியாச்சும் இருக்குங்களா?" என்றாள்.

கல்யாணத்தன்றே வாட்ஸாப்பில் அனுப்பிய சின்ன டிரெய்லர் ஒன்று இருந்தது. போட்டுக் காட்டினார். பந்தி ஓரத்தில் ராசப்பன் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். வாய் அசைந்தது. குரலை மூடிக்கொண்டு சினிமாப் பாட்டு ஓடியது. பாட்டைப் போட்டதும் சரவணமுத்துவேதான்.

"என்ன சொல்றாருங்கண்ணா? கேமரா புடிச்சது நீங்கதானுங்களே?"

சரவணமுத்து மறுபடி ஓட்டினார். வேகத்தைக் குறைத்து ஓட்டினார். எத்தனை தடவை பார்த்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.