சிட்டு எழுதிய ஒரு சொல்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. பதவிக்கு நிற்பவரைப் பற்றிக் கூட வேலை செய்யும் ஒருவர் எழுதித் தர வேண்டும், அது யார் என்று நிற்பவரே சொல்லலாம் என்பது அங்கே வழக்கம். அக்கா யோசிக்கவே இல்லை. பதினொரு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் சிட்டுவைச் சொன்னாள்.

மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, பதவி வேறொருவருக்குப் போகிறது என்றார். சிட்டு எழுதிய தாளை அவள் பக்கம் தள்ளினார். உழைப்பாளி, நேரம் தவறாதவள் என்று அடுக்கிக்கொண்டே வந்து, போன மாதம் ஒருநாள் அக்கா 'டிஸ்ஸி' ஆகிவிட்டாள் என்று முடித்திருந்தாள்.

"அப்படின்னா என்ன சார்?"

"பேச்சுவழக்கு இங்கிலீஷ்மா, தலைசுத்தலுக்குச் சொல்ற 'டிஸ்ஸி' இல்ல. ஒண்ணுமில்லாததுக்குப் பதறிப்போயி, தாம்தூம்னு குதிக்கிறது. திட்டு இல்ல, சிரிச்சுக்கிட்டே சொல்றதுதான். ஆனா மேற்பார்வை பாக்குறவங்க பதறலாமா?"

ஒண்ணுமில்லாததாம்! அன்றைக்கு இரண்டு ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியவள் இதே சிட்டுதான். அதைக் கண்டுபிடித்த அக்கா லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி ஓடி, ஒரு பெண்ணுக்கு ஏற்ற இருந்த வேறு வகை ரத்தப்பையை நர்ஸ் கையிலிருந்து பிடுங்கினாள். கேட்டவர்களிடம், "எனக்குத்தான் ஏதோ சந்தேகம்" என்று சொல்லிச் சமாளித்தாள். சிட்டுவின் தப்பு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

அக்கா நேரே சிட்டுவிடம் போய் நின்றாள்.

"ஏன்டி அப்படி எழுதின?"

சிட்டு குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் தப்பு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. நீங்களே எனக்கு மேல வந்து உக்காந்தா, நான் எப்படிக்கா இங்க இருக்கறது?"

"நான் ஒரு நாளாவது குத்திக் காட்டினேனா?"

"காட்டியிருந்தாக்கூட பரவாயில்லக்கா. நீங்க என்னைப் பாத்து எப்பவும் போல சிரிச்சீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

அக்கா கூடப் பிறந்தவளைப் போல நம்பியவள் இவள். அந்தக் குழாய்களையெல்லாம் தரையில் வீசி, கூடமே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் நாலைந்து தலைகள் ஏற்கெனவே திரும்பிவிட்டன. இப்போது குரலை உயர்த்தினால் சிட்டு எழுதியதற்கு அக்காவே சாட்சி சொன்னதாகிவிடும்.

கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.