நுன்ஸியோவின் இடது கைக்கு ஒரு கடிகாரம்

அகத்தினாவை அடக்கம் செய்த மறுவாரம், கத்திரிக்காய் விலை ஏறிய அதே வியாழக்கிழமை காலையில், அவளுடைய தம்பி நுன்ஸியோவின் இடது கை காப்பிக்கடை மேசையை விட்டு எழுந்து தலைக்கு மேலே போய் நின்றுகொண்டது. வலியில்லை, நடுக்கமில்லை. வலது கையால் பிடித்து இழுத்தால் பேசாமல் இறங்கிவரும். விட்டால் தண்ணீரில் அமுக்கிய தக்கை மாதிரி மறுபடி மேலே போய்விடும். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் இன்னொரு காப்பி கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு நுன்ஸியோ அதையும் குடித்தார். அப்புறம் இன்னொன்று வந்தது. அன்று மத்தியானம் வரை அவர் காப்பி குடித்தபடியே இருந்ததாகப் பக்கத்து மேசைக்காரர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கையின் சரித்திரம் எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. காத்தானியா நகரத்திலிருந்து கடலோரமாக வந்தால் எரிமலைச் சாம்பல் முதலில் விழுகிற ஊர் இது. மாலையானால் எல்லாரும் கடைத்தெருவில் மேலும் கீழுமாக உலாத்த வேண்டும். உலாத்தாதவர் ஒன்று நோயாளி, இல்லையென்றால் கடன்காரர். நில ஆவண அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நுன்ஸியோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அக்காள் அகத்தினாவும் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷமாக அவருடைய இடது முழங்கை மடிப்புக்குள் அவள் தன் வலது கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். அவள் அலமாரி போல இருப்பாள், அவர் குடை போல இருப்பார். போலீஸ் யாரையோ பிடித்துப் போகிறது என்று நாங்கள் சிரிப்போம். ஒருமுறை மருந்துக்கடை விதவை நுன்ஸியோவைப் பார்த்து நிதானமாகப் புன்னகை செய்தாள். அகத்தினா பிடியை இறுக்கி அவரைக் கடல்பக்கம் திருப்பினாள். அந்தச் சமாச்சாரம் அதோடு முடிந்தது. அவள் போனபிறகு மனிதர் கொஞ்சம் மூச்சு விடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரும் எதிர்பார்த்திருப்பார். கைக்கு மட்டும் விடுதலை அளவுக்கு மீறிக் கிடைத்துவிட்டது.

கை தூக்கினால் வணக்கம். வணக்கத்துக்குப் பதில் சொல்லாவிட்டால் பகை. ஒரு பதில் வணக்கம் தவறியதால் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் இங்கே உண்டு. ஆகவே நுன்ஸியோ கடைத்தெருவில் இறங்கியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் எழுந்தன. அவரைப் பல வருஷமாகக் கண்டுகொள்ளாதவர்கள்கூடத் தொப்பியைத் தொட்டார்கள். மீன் ஏலத்தில் வேடிக்கை பார்க்கப் போய், பாதி வாள்மீனுக்குச் சொந்தக்காரராகித் திரும்பினார். நகரசபைக் கூட்டத்தில் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்ததில், புதிய நீரூற்றுக்கான தீர்மானம் ஒரு கை வித்தியாசத்தில் நிறைவேறியது. காத்தானியா மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாயிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார். நுன்ஸியோ சட்டைப்பையில் கையைச் சொருகிப் பார்த்தார். சட்டையே மேலே ஏறியது. தூண்டில் ஈயக்குண்டைக் கட்டலாமே என்று மீன்காரர்கள் சொன்னார்கள். ஆனால் ஓய்வுபெற்ற அரசாங்க எழுத்தர் மணிக்கட்டில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாரா? கௌரவமான பாரம் ஒன்றுதான் உண்டு. நல்ல கைக்கடிகாரம் வாங்குவதென்று முடிவெடுத்தார்.

பணம் அகத்தினாவுடையது. தன் கல்லறையில் சலவைக்கல் தேவதை வைப்பதற்காக அவள் மாவு டப்பாவில் சேர்த்த மூவாயிரம் யூரோ. பெரிய கடிகாரக்காரர்கள் அந்தத் தொகைக்குப் பெட்டியைத் தூரத்திலிருந்து காட்டுவார்கள். சின்னக் கடைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். எங்கள் ஊர் வெனேராவின் கடிகாரக்கடை நடுத்தரம், நாற்காலி உண்டு. அவள் மரியாதையாக 'தோன்' போட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்து, பச்சைத் துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வாசலில் கூட்டம். சலூன்காரர் சாரோ ஒரு பக்கம் சோப்பு பூசிய ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தங்கம் போடுங்க சீஞ்ஞோரா வெனேரா. தங்கம்தான் கனம்," என்றார் நுன்ஸியோ.

"தங்கம் கனம்தான் தோன் நுன்ஸியோ, விலையும் கனம். உங்க காசுக்குத் தங்கத்துல கொக்கி மட்டும் வரும். முலாம் பூசினது வேணும்னா தரேன், ஆனா ரெண்டு வருஷத்துல பல்லிளிச்சிரும்."

"பேரு பெருசா இருக்கணும்ணே," என்று சாரோ உள்ளே தலையை நீட்டினார். "பெரிய பேர்ல இருக்கறதுலயே சின்ன வாட்ச்சா வாங்குங்க."

"நீ போய் அந்த மனுஷனுக்கு இன்னொரு கன்னத்தைச் சிரை. சோப்பு காஞ்சிரப் போகுது," என்றாள் வெனேரா. "பேருக்குக் காசு குடுத்தா மெஷினுக்கு மிஞ்சாது. கேக்காத பேர்ல நல்ல மெஷின் வாங்கறவன்தான் புத்திசாலி."

கடைசியில் கையை இறக்கியது, கடலுக்குள் முந்நூறு மீட்டர் இறங்குகிறவர்களுக்காகச் செய்த எஃகுக் கடிகாரம். எஃகுச் சங்கிலி, தடித்த கண்ணாடி, இருட்டில் ஒளிரும் முள். கொக்கி 'டக்' என்று விழுந்ததும் கை கட்டிய கன்றுக்குட்டி போலத் தொடையோரம் தொங்கியது. முழங்காலுக்கு மேல் கடல் நீர் பட்டறியாத நுன்ஸியோ ஏறக்குறைய மொத்தத் தொகையையும் எண்ணி வைத்தார். தேவதையை விழுங்கிவிட்டான் என்று ஊர் பேசியது.

முதல் வாரம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் எதையும் பார்க்கவில்லை. கை எழவில்லை, எழாத கைக்கு யார் பதில் வணக்கம் சொல்வார்கள்? தொப்பிகள் தலையிலேயே இருந்தன. நுன்ஸியோ கடைத்தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வணக்கம் ஒன்றுகூட இல்லாமல் நடந்துவிட்டு, படியேறிப் போய், பழக்கத்தில் இரண்டு பேருக்கு மக்கரோனி வேகவைத்து, ஒருவராக உட்கார்ந்து தின்றார். அப்புறம் கடிகாரம் நிற்கத் தொடங்கியது. விடிந்து பார்த்தால் நின்றிருக்கும். தட்டி ஓட்டினால் மறுநாளும் நிற்கும். வெனேரா திறந்து பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. மூடி மறுபடி அவர் கையில் பூட்டினாள்.

"இதுக்குச் சாவி குடுக்க வேண்டியதில்லை தோன் நுன்ஸியோ. கை ஆடினா தானா ஏறிக்கும். நம்ம ஊர்ல பேசறதே பாதி கையாலதானே? கத்திரிக்காய்க்குப் பேரம் பேசினாலே ஒரு நாளைக்கு ஓடும். இந்த ஊர்ல இந்த மாதிரி வாட்ச் நின்னுச்சுன்னா ஆளு செத்துட்டான்னு அர்த்தம்." சொன்னபிறகு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்க... யார்கூடவாவது பேசறீங்களா?"

நுன்ஸியோ கொக்கியைக் கழற்றினார். கை மெல்ல எழுந்தது. அதை வலது கையால் வழியில் மறித்து, விலா எலும்புக்குப் பக்கத்தில், முழங்கை மடங்கியிருக்கும்படி நிறுத்தினார்.

"இங்க நிக்கணும்," என்றார். "கீழ வேண்டாம். மேலயும் வேண்டாம். எங்க அக்கா பிடிக்கிற உயரம் இது."

வாசலில் நின்ற சாரோ, யாரும் விரட்டாமலே சலூனுக்குத் திரும்பிப் போனார். அவர் வரலாற்றில் அது முதல் தடவை.

அப்புறம்தான் உண்மையான தேர்வு நடந்தது. வெனேரா பேரையும் விலையையும் விட்டுவிட்டுப் பாரத்தை மட்டும் பார்த்தாள். தோல்வார் போட்ட மெல்லிய கடிகாரத்துக்குக் கை காது வரை போயிற்று. டைட்டானியத்துக்குத் தோளில் நின்றது. எஃகுச் சங்கிலியில் கண்ணி கண்ணியாகக் கழற்றிப் பார்த்தாள். ஒன்று கழற்றினால் போதவில்லை, இன்னொன்று கழற்றினால் மணிக்கட்டை இறுக்கியது. கடைசியில் உள்ளறையிலிருந்து பழைய கடிகாரம் ஒன்றை எடுத்துவந்தாள். யாரோ கழற்றிப்போட்டது, பெட்டி இல்லை, ரசீது இல்லை, சுவிட்சர்லாந்திலேயே பாதிப் பேர் மறந்துவிட்ட கம்பெனி. தந்த நிற முகம், கையாட்டத்தில் ஓடுகிற நல்ல மெஷின். அதன் தோல்வாரிலிருந்த சின்ன ஊசிக் கொக்கியை எடுத்துவிட்டு எஃகு மடக்குக் கொக்கியைப் பூட்டினாள். கை இறங்கியது, தயங்கியது, விலாவுக்குப் பக்கத்தில் மடங்கி நின்றது. ஒரு கை நுழையும் அளவுக்கு இடம்.

"இதான்," என்றார் நுன்ஸியோ. கண்ணாடியில் பார்க்கக்கூட இல்லை.

புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கிய முட்டாள் என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. வெனேரா மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் கல்லறைக்குத் தேவதை ஒன்று வந்தது, சின்னதுதான். முகம் சிட்டுக்குருவி மாதிரி இருக்கிறது. அன்று மாலை நுன்ஸியோ மடங்கிய கையோடு கடைத்தெருவில் இறங்கினார். யாரும் கை தூக்கவில்லை. ஆனால் எதிரே வந்தவர்கள், ஏனென்று யோசிக்காமலே, நடைபாதையில் இரண்டு பேருக்கு வழிவிட்டார்கள். சலூன் வாசலில் சாரோ, "நல்ல சாயங்காலம் தோன் நுன்ஸியோ," என்றார். அவர் இரண்டு கடை தாண்டியபிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ரெண்டு பேருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார். மருந்துக்கடைக்கு எதிரே வந்ததும் நுன்ஸியோ சட்டென்று கடல்பக்கம் திரும்பினார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. எரிமலை இரண்டு முறை சாம்பல் தூவியது, நீரூற்று வறண்டது, வெனேரா மூக்குக்கண்ணாடி மாற்றினாள். அவர் இப்போதும் யாருடனும் அதிகம் பேசுவதில்லை. மாலையில் வீட்டு வாசலுக்கு வந்ததும், யாரோ பிடியை விட்டதுபோல, மடங்கிய கை தானாக நிமிர்ந்துகொள்ளும். படியேறும்போது ஒரு ஆளின் காலடிதான் கேட்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார். இருந்தாலும் கடிகாரம் ஒரு நாளும் நின்றதில்லை. எண்ணெய் போடத் திறந்தபோதெல்லாம் சுருள்வில் முழுசாக ஏறியிருப்பதை வெனேரா பார்த்திருக்கிறாள். அவருடைய கோட்டுகளின் இடது கை மட்டும், அதுவும் முழங்கை மடிப்பின் உட்புறத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை நூல் தெரியத் தேய்ந்துபோகிறது. தையல்காரர் காரணம் கேட்பதில்லை. உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்துத் தருகிறார். நூலும் சேர்த்து எட்டு யூரோ. போன வருஷம் வரை ஏழாக இருந்தது.