ரத்தத்தில் இறங்கியது

தங்கபாண்டிக்கு அந்த மாத்திரை மேல் அத்தனை நம்பிக்கை. விடிந்ததும் மனைவி முனீஸ்வரியை எழுப்பி, வெறும் வயிற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவளுக்குக் காப்பி. மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்க ஓடுகிற நாளிலும் இது தவறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள், குழம்பு தீய்ந்து புகைவது தெரியாமல் அவள் அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். மறுநாள் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தைராய்டு லேசாகக் குறைவு, கொலஸ்ட்ரால் கூடுதல் என்றார். "கொஞ்சம்தான் குறைவு. மாத்திரை போட்டுப் பார்ப்போம். கொலஸ்ட்ராலும் ஓரளவு இறங்கும்."

தங்கபாண்டிக்கு அன்றைக்கே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மனைவி இப்படிக் கிடப்பதற்கு ஒரு பெயர் கிடைத்ததே. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். "தைராய்டாம்ப்பா. அதான் பேச்சுமில்ல, எந்திரிக்கவும் மாட்டேங்குறா."

அவர்களுடைய ஒரே மகள் கனகலட்சுமி, கோயம்புத்தூரில் கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று தங்கபாண்டி சத்தியம் வாங்கினான். முனீஸ்வரி எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பேச்சையும் விட்டுவிட்டாள். இது இரண்டையும் சேர்த்து அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மூன்று மாதம் முடிந்து இன்று மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்லாம் நல்லபடியாகவே வந்திருந்தது.

"தைராய்டு சரியாயிருச்சு. கொலஸ்ட்ரால் இருநூத்தி நாப்பத்தாறு இருந்தது இருநூத்திப் பதினெட்டுக்கு இறங்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. பிறகு முனீஸ்வரியைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"என்னங்க இவ இப்படிச் சொல்றா?" தங்கபாண்டி பதறினான். "ஒரு நாள்கூட விடாமக் குடுத்தேனே!"

"மாத்திரை அதோட வேலையச் செஞ்சிருச்சுங்க. இவ்வளவு லேசான குறைக்கு இத்தனை அசதி இருக்காது. மனசுல ஏதும் கஷ்டமா? பிள்ளைங்க எத்தனை பேர்?"

"பிள்ளைக இல்லீங்க," என்றான் தங்கபாண்டி.

முனீஸ்வரி நிமிர்ந்தாள். "ஒரு மக இருக்கா. கனகலட்சுமி. வார ஐப்பசிக்கு இருபத்தஞ்சு முடியுது."

அவள் குரலை இவ்வளவு தெளிவாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று! தங்கபாண்டிக்குத் தலை நிமிரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகிற திருச்சுழி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறாமல் ஓரமாக நின்று, மகள் நம்பரைத் தேடி அடித்து, போனை மனைவியிடம் நீட்டினான்.

"அம்மா?" என்றது போன். முனீஸ்வரி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒரு தடவ வந்துட்டுப் போயேன்த்தா. ஒம் மூஞ்சியப் பாக்கணும்."

"அப்பா ஒரு வார்த்தை வான்னு சொல்லட்டும்மா. இன்னைக்கே பஸ் ஏறுறேன்."

முனீஸ்வரி போனை அவன் காதில் வைத்தாள். தங்கபாண்டி வாயைத் திறந்தான். பங்காளிகள் முகமெல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

"அப்பா," என்றாள் மகள். கொஞ்சம் பொறுத்து, "அப்பா, இருக்கீகளா?"

அவனுக்குக் கண் நிறைந்ததே தவிர, வார்த்தை வரவில்லை. போன் கட்டாகிவிட்டது.

முனீஸ்வரி அதை அவன் சட்டைப்பையில் போட்டாள். "விடுங்க. பஸ்ஸ எடுக்கப் போறான்."

ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். டவுனைத் தாண்டிக் கருவேலங்காடு தொடங்கும்போதுதான் தங்கபாண்டியின் வாயில் அந்த வார்த்தை வந்தது. "வா," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னான். முனீஸ்வரி அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.