திருப்பித் தைத்த சாக்கு

சுபஹான் பாய்க்கு வாய் சும்மா இருக்காது. கோவில்பட்டியில் பெர்மிட்டுக்குச் சிமெண்டு கொடுக்கும் கடை வைத்திருப்பவர், வந்த சரக்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே? ஆலையிலிருந்து வந்த நோட்டீசைக் கடை வாசலில் நின்று படித்துக் காட்டினார்.

"சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சூளையில வேகவச்சு, கொஞ்சம் ஜிப்சம் சேத்து அரைச்சா அது சாதாச் சிமெண்டு. இது புது வகை. அஞ்சுல ஒரு பங்கு சுட்ட களிமண் பொடி சேத்து அரைச்சிருக்காங்க. நம்ம கரிசல் மண்ணு உப்புக்கு இதுதான் தாங்கும்."

"சுட்ட களிமண்ணுன்னா செங்கப் பொடிதான பாய்?" என்றார் கொத்தனார் தவசி.

"ஆமா. ஆனா ஆலையிலயே..."

அதற்கு மேல் யார் கேட்டார்கள்? சிமெண்டுத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய காலம். பத்து மூட்டை வேண்டுமென்றால் தாலுகா ஆபீசுக்குச் செருப்புத் தேய நடக்க வேண்டும். கள்ளத்தனமாக விற்கிறவன் செங்கல் பொடி கலந்து விற்பது ஊரறிந்த சங்கதி. இப்போது கடைக்காரரே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார். பதினைந்து வருசமாக அவரிடம் மட்டுமே வாங்கிய தவசி, அன்று நாலு பேர் முன்னால் நறுக்கென்று நாலு வார்த்தை பேசிவிட்டு வெறுங்கையோடு போனார். மற்றவர்களும் போனார்கள்.

நூற்றுநாற்பது மூட்டை கடைக்குப் பின்னாலிருந்த கிட்டங்கியில் கிடந்தது. ஐப்பசி மழை ஈரம் பட்டால் அத்தனையும் கல்லாகிவிடும். வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கிச் சொல்லிப் பாய்க்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியது. முதலில் பேச அலுத்தது, பிறகு கடையைத் திறக்கவே அலுத்தது. ஒருநாள் மத்தியானம் ஒரு மூட்டையைக் கொட்டினார். வகை அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி சாக்கைத் திருப்பினார். மறுபடி நிரப்பித் தைக்க உட்கார்ந்தார்.

அவர் மனைவி மெஹராஜ் பேகம் கோணி ஊசியைப் பிடுங்கினாள். "நல்ல சரக்க எதுக்குத் திருட்டுச் சரக்கு மாதிரி மறைக்குதீங்க?"

"நல்லதுன்னு சொல்லித்தான இத்தன நாளும் பாத்தேன். என்னால ஏலல."

 ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

எல்லா மூட்டையையும் அப்படியே திருப்பித் தைத்துவிட்டு, பழைய வகை வந்திருக்கிறது என்று பாய் சொன்ன மறுவாரமே, எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வன்னியபெருமாள் தன் புது வீட்டுக் காங்கிரீட் தளத்துக்குப் பெர்மிட்டோடு வந்தார். கூடவே தவசி. தவசி மூட்டைக்குள் கையை விட்டுக் குளிர்ச்சி பார்த்தார். விரலிடுக்கில் தேய்த்தார். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு உற்றுப் பார்த்தார்.

"இதுல்லா சிமெண்டு! அன்னைக்கு வாசல்ல வச்சு உங்களப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க பாய்."

பாய்க்கு அவமானமாக இருந்தது. உண்மை பேசிய அன்று போன மரியாதை, பொய் சொன்ன அன்று திரும்பி வந்திருக்கிறது. தலையை ஆட்டிவைத்தார்.

தளம் போட்ட ஒன்பதாம் நாள் வன்னியபெருமாளின் மனைவி சங்கரம்மாள் வெற்றிலை பாக்கோடு கடைக்கு வந்தாள். "நாளன்னைக்குப் பால்காய்ச்சு, கட்டாயம் வரணும். முட்டு நிக்குற வீட்டுல பால் காய்ச்சக் கூடாதுல்லா, நாளைக்குக் காலையில தவசி எல்லாத்தையும் பிரிச்சிருவாரு."

 இந்தச் சிமெண்டு மெதுவாகத்தான் இறுகும், தளத்தைத் தாங்க அடியில் கொடுத்த முட்டுக் கம்புகளை மூன்று வாரம் எடுக்கக் கூடாது என்று நோட்டீசின் கடைசி வரி சொல்லியிருந்தது. வாசலில் படித்த அன்று அந்த வரிக்கு வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பழைய சிமெண்டுக்குத் தவசியின் கணக்கு பத்து நாள்.

"இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் நிக்கட்டுமே தாயி..."

"எதுக்குப் பாய்?"

சாக்கைத் திருப்பித் தைத்ததைச் சொல்லாமல் காரணம் சொல்ல முடியாது; பாய் வெற்றிலையை வாங்கி மேசைமேல் வைத்தார். அவள் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டாள்.

மறுநாள் பாய் முதல் பஸ்ஸில் எப்போதும்வென்றானில் போய் இறங்கி, கரிசல் புழுதியில் ஓட்டமும் நடையுமாக அந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தார். தவசி சம்மட்டியோடு முதல் முட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தவசி, கைய வைக்காதீங்க. இது அந்தப் புதுச் சிமெண்டு. சாக்கத் திருப்பித் தச்சுக் குடுத்துட்டேன்."

வன்னியபெருமாளுக்கு முகம் கறுத்தது. "கலப்படத்தையா என் தலையில கட்டுனீரு?"

"கலப்படம் இல்ல அண்ணாச்சி, நல்ல சிமெண்டு. இறுக நாளாகும், அவ்வளவுதான்."

"நல்ல சிமெண்டுன்னா பத்து நாள்ல இறுகணும்," என்றார் தவசி. "எத்தன தளம் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு, நாள மாத்த முடியாது," என்றாள் சங்கரம்மாள். "பாய், ஒண்ணு சொல்லுங்க. நல்லதுன்னா அவரு பிரிக்கட்டும். கலப்படம்னா நிப்பாட்டுதோம். எது?"

தவசி சம்மட்டியை ஓங்கினார். மேலே நனைந்த வைக்கோலுக்கு அடியில் இன்னும் இறுகாத தளம் இருந்தது. கீழே சங்கரம்மாளும் தவசியும் நின்றார்கள். ஆலை, சூளை, சுட்ட களிமண் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கப் பாயிடம் தெம்பு இல்லை. ஆரம்பித்தாலும் முடிக்க விடமாட்டார்கள்.

"கலப்படந்தான்," என்றார். "செங்கப் பொடி கலந்துட்டேன். மூணு வாரம் முட்டு நிக்கட்டும்."

இதை மட்டும் உடனே நம்பினார்கள். தவசி சம்மட்டியைக் கீழே வைத்தார்.