அறுபத்தொரு சட்டைகள்

ஒற்றைத் தையல் மெஷினில் தங்கை தொடங்கிய துணி வியாபாரம் நான்கு கடைகளாக வளர்ந்த பிறகும், கிடங்கு மட்டும் அண்ணனின் மண்டைக்குள்ளேயே இருந்தது. எந்த அளவு, எந்த நிறம், எந்த அடுக்கு, எல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. சரக்கு இறங்கும்போதெல்லாம் அளவுக்கு இரண்டு உருப்படியை எடுத்து, பரண்மேல் ‘உடைந்த ஹேங்கர்’ என்று எழுதிய பெட்டிகளில் போட்டுவைப்பார். கடையிலிருந்து, “நீலத்துல மீடியம் தீர்ந்துபோச்சு, ஆள் நிக்கிறாங்க” என்று போன் வந்தால், “பத்து நிமிஷம் உட்காரவைங்க” என்பார். சட்டை போய்ச் சேரும். கடைப் பெண்கள் அவரை மந்திரவாதி என்றார்கள். அந்தப் பேர் அவருக்குச் சம்பளத்தைவிட இனித்தது.

பிறகு தங்கை ஒவ்வொரு உருப்படிக்கும் பார்கோடு ஒட்டவைத்தாள். வந்தால் ஸ்கேன், போனால் ஸ்கேன்; மிச்சம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். கடைகளிலிருந்து அவருக்குப் போன் வருவது நின்றது. அண்ணனும் ஒழுங்காக ஸ்கேன் செய்தார். செய்து முடித்ததும், பழகிய கை இரண்டு உருப்படியைப் பரணில் ஏற்றியது.

மூன்றாம் மாதம் அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்தார்கள். அறுபத்தொரு சட்டை குறைந்தது. இரண்டு நாள் எல்லோரும் தேடியும் கிடைக்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கிடங்கின் பின்கோடியில் தனியாக வேலை செய்பவள் பேக்கிங் அக்கா ஒருத்திதான். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில், வாசலில் அவள் பையைக் கவிழ்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, குடை, மகளின் மூக்குக்கண்ணாடிச் சீட்டு. அண்ணன் இரண்டடி தள்ளி நின்று, சுத்தமாயிருந்த பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தங்கை சொன்னாள். “பேக்கிங் அக்காவ இனிமே வர வேணாம்னு சொல்லிடுண்ணா. நீ சொன்னா சண்டை போடாம கேட்டுப்பாங்க.”

அவர் போய் ஏணியை எடுத்துவந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தங்கை ஸ்கேனர் பிடித்தாள். சரியாக அறுபத்தொன்று.

“அவசரத்துக்குன்னு வச்சதும்மா.”

“யார் அவசரத்துக்கு? கம்ப்யூட்டர்ல இருக்குன்னு காட்டுது, அடுக்குல இல்ல. இல்லைன்னு நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிருக்கேன் தெரியுமா?”

பேக்கிங் அக்கா அதற்குள் வந்து நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“என் பையைக் கொட்டினப்ப நீங்க அங்கதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“எல்லாருந்தான் நின்னாங்க. இன்னிக்கும் நிப்பாங்க. அதே வாசல்ல நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க. தங்கச்சிய அனுப்பாதீங்க.”

ஐந்தரை மணிக்கு அவர் சொன்னார். மூன்றே வாக்கியம்.

“அப்போ ரெண்டு நாளா எங்கள அடுக்குக்கு அடியில தவழவிட்டது?” என்றார் லோடு ஏற்றுபவர். யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விழுங்கினார்கள்.

பேக்கிங் அக்கா கடைசிச் சொல்வரை கேட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். நாளைக்கு வருவீர்களா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.